அறிவித்தால்தான் அறிவோம்



இந்த இதழுக்கு 'அறிவு' என்ற தலைப்பில் எழுதச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எந்த நூலும் இல்லை. நான் செய்த ஒரு தப்புதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் அறிவைப் பற்றிப் பேசினால் எழுதுகிற எனக்கே உறுத்தும்.

போன செமஸ்டர் விடுமுறையில் ஈப்போவுக்கு வந்திருந்தேன். எங்கள் வட்டாரக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்கு அன்று ஆசிரியர் வரவில்லை. "பல்கலைக்கழகத்துல படிக்கிற பிள்ளைதானே, ஒரு மணி நேரம் பார்த்துக்கோ தம்பி" என்று அங்கே பொறுப்பில் இருந்த அக்கா சொன்னார். பன்னிரண்டு, பதிமூன்று பிள்ளைகள் இருந்தார்கள். தேவாரம் பாடி முடித்ததும் படிவம் இரண்டு படிக்கும் ஒரு பையன் கைப்பேசியை நீட்டினான். அவன் அம்மாவுக்குப் புலனத்தில் வந்த செய்தி. திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி நின்றுவிட்டுத்தான் போகின்றனவாம். நாசா விஞ்ஞானிகளே அதிசயப்பட்டார்களாம்.

"அண்ணா, நீங்க இன்ஜினியரிங்தானே? இது உண்மையா?"

எல்லாப் பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமாம்பா, நம்ம முன்னோர்கள் சாதாரண ஆளுங்களா என்ன?" என்றேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் போனது.

அன்று இரவு அது என்னைத் தூங்க விடவில்லை. பூமிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறக்குறைய 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தினால்தான் அது கீழே விழாமல் இருக்கிறது. நின்றால் விழுந்துவிடும். ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் செயற்கைக்கோள்களும் உண்டு. ஆனால் அவை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. திருநள்ளாறு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. அதன் தலைக்கு மேலே அப்படி ஒன்று நிற்கவே முடியாது. இவ்வளவும் நான் முதலாம் ஆண்டில் படித்துத் தேர்வு எழுதிய பாடம்!

அப்படியானால் எனக்கு அறிவு இல்லையா? இருந்தது, தேர்வுத்தாளில் இருந்தது. பிள்ளைகள் கேட்ட நேரத்தில் வாய்க்கு வரவில்லை. ஏன் வரவில்லை? இந்தக் கேள்விதான் என்னை நம் சாத்திரங்கள் பக்கம் திருப்பியது.

மூன்று வாசல்கள்

அரிசியை அளக்கப் படி இருக்கிறது. துணியை அளக்க முழம் இருக்கிறது. நாம் அறிந்தது சரியா தப்பா என்று அளப்பதற்கு என்ன இருக்கிறது? நம் பெரியவர்கள் அதற்கு 'அளவை' என்றே பெயர் வைத்தார்கள். வடமொழியில் 'பிரமாணம்'.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞான போதத்தைச் செய்தார். அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாச்சாரியார் அதை விரித்து சிவஞான சித்தியார் என்ற பெரிய நூலை எழுதினார். அதன் சுபக்கத்தில், தன் கொள்கையைச் சொல்லத் தொடங்கும்போதே, அவர் அளவையைத்தான் எடுத்துக்கொள்கிறார். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். கடவுளைப் பற்றிய நூல், 'கடவுள் இருக்கிறார், நம்பு' என்று ஆரம்பிக்கவில்லை. 'ஒன்றை அறிந்தோம் என்று எப்போது சொல்லலாம்?' என்று ஆரம்பிக்கிறது. அளவைகள் ஆறு என்பாரும் பத்து என்பாரும் உண்டு, ஆனால் எல்லாம் மூன்றுக்குள் அடங்கிவிடும் என்கிறார் அருள்நந்தியார். காட்சி, கருதல், உரை என்பவை அந்த மூன்று.

காட்சி என்பது நேரே காண்பது. கண்ணால் மட்டும் அல்ல, ஐம்புலன்களாலும் மனத்தாலும், பட்டு அனுபவித்ததாலும் வருவது. ஆனால் கண்டதெல்லாம் காட்சி ஆகாது. ஐயமும் இருக்கக்கூடாது, திரிபும் இருக்கக்கூடாது. அந்தக் காலத்தில் நெற்றி விளக்கோடு இருட்டில் பால் வெட்டப் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். காலடியில் கிடப்பது கயிறா பாம்பா என்று தடுமாறினால் அது ஐயம். கயிற்றைப் பாம்பு என்றே முடிவு கட்டி ஓடினால் அது திரிபு. கண் என்னவோ இரண்டு தடவையும் திறந்துதான் இருந்தது.

கருதல் என்பது கண்டதை வைத்துக் காணாததை அறிவது. புகையைப் பார்த்தால் நெருப்பு இருக்கிறது என்று அறிகிறோம். தோட்டத்து ஸ்மோக் ஹவுஸ் பக்கம் புகை தெரிந்தால், அங்கே அடுப்பு எரிகிறது, ரப்பர் ஷீட் காய்கிறது என்று லயத்தில் இருந்தபடியே சொல்லிவிடலாம். ஆனால் இதிலும் ஏமாறுவதற்கு இடம் உண்டு. ஈப்போவில் காலை ஆறரை மணிக்குச் சுண்ணாம்பு மலைகளைப் பாருங்கள். உச்சியில் புகை மாதிரி வெள்ளையாக எழும்பும். அது புகை அல்ல, பனிமூட்டம். அதைப் பார்த்து மலையில் தீப்பிடித்துவிட்டது என்று தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தால் நம் கதி என்ன? அடையாளம் சரியாக இருந்தால்தான் முடிவும் சரியாக இருக்கும்.

உரை என்பது நம்பத்தக்கவர் சொன்ன சொல். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாக வந்ததுதான். நம் பிறந்த நாளே அம்மா சொல்லித்தான் நமக்குத் தெரியும். ஆனால் யார் நம்பத்தக்கவர்? சொல்லும் விஷயத்தை அவர் உள்ளபடி அறிந்திருக்க வேண்டும். நம்மை ஏமாற்றி அவருக்கு ஆகவேண்டிய காரியம் எதுவும் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் வேண்டும்.

இப்போது அந்தப் புலனச் செய்தியை இந்த மூன்றிலும் வைத்து அளந்து பாருங்கள். யாரும் கண்டதில்லை, அதனால் காட்சி இல்லை. கணக்குப் போட்டால் எதிர்மாறாக வருகிறது, அதனால் கருதலும் இல்லை. சொன்னவர் யார் என்று பெயரே கிடையாது, அதனால் உரையும் இல்லை. மூன்று வாசலிலும் நுழைய முடியாத ஒன்றைத்தான் நான் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தேன்.

அளந்து பார்த்தால் நம் சமயப் பெருமை எல்லாம் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் போகாது. ஜெனிவாவில் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் சிலை இருக்கிறது என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. அளந்து பார்த்தால் அது உண்மை. 2 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிலை 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஆனால் அதே செய்தியில் 'அங்குள்ள விஞ்ஞானிகள் தினமும் வழிபடுகிறார்கள்' என்று ஒட்டுப்போட்டு வந்தால், அந்த ஒட்டை மட்டும் பிய்த்துப் போட வேண்டும்.

பாட்டியின் கத்தி

அந்த வாரத்திலேயே சுங்கை சிப்புட் பக்கம் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போனேன். பாட்டி முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது பெரும்பாலும் செம்பனை. பழைய லயத்துக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் பால் மரங்கள் கவனிப்பார் இல்லாமல் நிற்கின்றன.

என் சித்தி மகன் கூட இருந்தான். அவனுக்கு நான் மரத்தடியில் பாடம் நடத்த ஆரம்பித்தேன். 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் 9 ரப்பர் கன்றுகளை நட்டார்; அவற்றில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பிரேசிலில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தில் இருந்த ரிட்லி, 1890களில், பட்டையை மெல்லிசாகச் சீவி அதே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்தால் மரம் சாகாமல் பால் தரும் என்று காட்டினார். இப்படிச் சொல்லிக்கொண்டே போன நான், கடைசியில், "இதெல்லாம் பாட்டிக்குத் தெரியாதுடா, அவங்க சும்மா வெட்டுனாங்க" என்றேன்.

பாட்டி கோபப்படவில்லை. உள்ளே போய்ப் பழைய கத்தியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "வெட்டு பார்ப்போம்."

வெட்டினேன். முதல் இழுப்பு பட்டையில் வழுக்கியது. இரண்டாவதில் கொஞ்சம் அழுத்தினேன். கத்தி உள்ளே போய்க் கட்டையில் மோதியது. வெள்ளையாக மரம் தெரிந்தது. பாட்டி பக்கத்தில் வந்து அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"காயம் பட்டுருச்சுய்யா. இனிமே இந்த எடத்துல நல்ல பட்டை வராது. முண்டு முண்டா வரும். வெட்டவே முடியாது."

எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது, புதுப் பட்டையை வளர்ப்பது அதுதான், அதைத் தொடக்கூடாது என்று நான் படித்திருக்கிறேன். படத்தோடு படித்திருக்கிறேன். ஆனால் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று என் கைக்குத் தெரியவில்லை.

"பாட்டி, நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

பாட்டி மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர். பதின்மூன்று வயதில் அவருடைய அம்மாவோடு வெளிக்காட்டுக்குப் போனாராம். முதலில் பல மாதம் கத்தியைத் தொடவே விடவில்லை. மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் பொறுக்குவது, வாளி தூக்குவது இவ்வளவுதான் வேலை. கூடவே நின்று பார்க்கவேண்டும். அப்புறம் அம்மா அவர் கைமேல் தன் கையை வைத்து இழுத்துக் காட்டினார். "எத்தனை மரத்தைக் காயப்படுத்தியிருப்பீங்க?" என்று கேட்டேன். "நான் எண்ணல. தண்டல் எண்ணுனாரு" என்று சிரித்தார்.

அம்மா சொன்னது உரை. கூட நின்று பார்த்தது காட்சி. வானத்தைப் பார்த்து இன்றைக்கு மழை, வெட்டினால் பால் மங்கில் நிற்காது என்று முடிவு கட்டியது கருதல். அருள்நந்தியாரின் பெயரைப் பாட்டி கேட்டிருக்கமாட்டார். ஆனால் அறிவு அவருக்கும் இந்த மூன்று வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.

இதைச் சொல்லி, 'ஆகவே புத்தகம் வேண்டாம், பாட்டி போதும்' என்று நான் முடிக்கப் போவதில்லை. ஏனென்றால் பாட்டி அப்படி முடிக்கவில்லை. அவரே என்னிடம் கேட்டார்: "எப்பவும் இடது மேல, வலது கீழ சாய்ச்சுத்தான் வெட்டணும்னு சொல்லுவாங்க. புதுசா வந்த ஒரு பையன் மாத்திச் சாய்ச்சுட்டான்னு தண்டல் அந்தக் கத்து கத்துனாரு. ஏன்னு கேட்டா அவருக்கும் தெரியல. உன் புஸ்தகத்துல போட்டிருக்கா?"

போட்டிருந்தது. பாலைக் கொண்டுபோகும் நுண்குழாய்கள் பட்டைக்குள் நேராக ஏறுவதில்லை, லேசாகச் சாய்ந்து சுற்றி ஏறுகின்றன. இடமிருந்து வலமாகக் கீழ் நோக்கி வெட்டினால் அதிகமான குழாய்கள் வெட்டுப்படும். மாற்றிச் சாய்த்தால் பால் குறையும். அதேபோல விடியற்காலையில் குழாய்களுக்குள் அழுத்தம் அதிகம். வெயில் ஏற ஏற இலை வழியாக மரம் நீரை இழப்பதால் பால் ஓட்டம் குறைகிறது. நான் சொல்லச் சொல்லப் பாட்டி வாயைத் திறக்காமல் கேட்டார். முடித்ததும், "இத்தனை வருஷம் இது தெரியாமலே வெட்டியிருக்கேன் பாரு" என்றார். எழுபது வயதைத் தாண்டியவருக்கு அதைச் சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது.

தமிழில் 'கேள்வி' என்ற ஒரே சொல்லுக்குக் காது கொடுத்துக் கேட்பது, வினாவுவது என்று இரண்டு பொருளும் உண்டு. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42, அதற்குப் பிறகுதான் 43ஆவதாக அறிவுடைமை. படித்தவுடன் அறிவு வந்துவிடும் என்று வள்ளுவர் வைக்கவில்லை. நடுவில் கேள்வி என்று ஒரு படி இருக்கிறது. பாட்டி அந்தப் படியில் ஏறி நின்றார். நான் அதைத் தாண்டிக் குதிக்கப் பார்த்தேன்.

விரல் காட்டிய குழந்தை

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். படித்தது ஏன் வாய்க்கு வரவில்லை? இதற்குப் பதில் மெய்கண்டாரின் வரலாற்றில் இருக்கிறது.

மெய்கண்டார் சிறு குழந்தையாக இருக்கும்போதே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்று, திருவெண்ணெய்நல்லூரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது மரபு. அவருடைய குடும்பத்துக்குக் குலகுரு ஒருவர் இருந்தார். ஆகமங்கள் அனைத்தையும் கற்றவர். அதனாலேயே அவருக்குச் சகலாகம பண்டிதர் என்று பெயர். அவர் அந்த ஊருக்கு வந்தார். ஊரில் எல்லாரும் வந்து வணங்கினார்கள், அந்தக் குழந்தை மட்டும் வரவில்லை. நம் சீடர் வீட்டுப் பிள்ளை, நம்மை வந்து பார்க்கவில்லையே என்று பண்டிதருக்கு உறுத்தல். அவரே நேரில் போனார். அங்கே ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பண்டிதர் நின்றபடியே, அந்த ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டார்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை. விரலை நீட்டி அவரையே உச்சி முதல் பாதம் வரை காட்டியது.

பண்டிதர் அந்த இடத்திலேயே விழுந்து வணங்கினார். குழந்தையையே குருவாக ஏற்றார். அவர்தான் பிறகு அருள்நந்தி சிவாச்சாரியார் ஆனார். அளவையைப் பற்றி அவ்வளவு தெளிவாக எழுதிய அதே அருள்நந்தியார்தான்!

இந்தக் கதையைச் சிறு வயதில் கேட்டபோது குழந்தையின் பெருமைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது பண்டிதரின் பெருமை தெரிகிறது. அவ்வளவு கற்றவரை ஒரு குழந்தை எல்லார் முன்னாலும் சுட்டிக் காட்டுகிறது. அவர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. காட்டியதைப் பார்த்தார்.

சமய வகுப்பில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். "தெரியல தம்பி, பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியில் என் மரியாதை போய்விடுமோ என்ற பயம் வந்து குறுக்கே நின்றது. வாசல் மூன்றும் திறந்துதான் இருந்தன. வாசற்படியில் 'நான்' உட்கார்ந்திருந்தேன். ஆணவத்தை நம் ஆசாரியர்கள் இருளுக்கு ஒப்பிடுவதற்குக் காரணம் இப்போது புரிகிறது. இருட்டில் பொருள்கள் இல்லாமல் போவதில்லை. இருந்தும் தெரிவதில்லை.

கண்ணும் வெளிச்சமும்

சித்தாந்தம் உயிருக்குச் சொல்லும் உவமை கண். கண்ணுக்குப் பார்க்கும் சக்தி உண்டு. ஆனால் வெளிச்சம் இல்லாமல் அது எதையும் பார்க்காது. அதுபோல உயிருக்கு அறியும் சக்தி உண்டு, ஆனால் அது தானாக அறியாது. அறிவித்தால்தான் அறியும்.

இதை உங்கள் வாழ்க்கையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். 'நானே படிச்சு முன்னேறினேன்' என்று நாம் சொல்கிறோம். 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தது யார்? 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகைதான். எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அப்படி ஒரு கொட்டகையில் மூன்றாம் வகுப்பு வரை படித்த பாட்டி, தான் நின்றாலும் என் அம்மாவை நிறுத்தாமல் பள்ளிக்கு அனுப்பினார். அம்மா என்னை அனுப்பினார். நான் இன்று படிக்கும் பொறியியலில் பாட்டியின் விடியற்காலைகள் எத்தனை ஆயிரம் கரைந்திருக்கின்றன! இந்த வரிசையில் ஒருவர் இல்லாவிட்டாலும் என் கண்ணுக்கு வெளிச்சம் இல்லை.

இந்த வரிசையை இன்னும் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போங்கள். பாட்டிக்கு அவர் அம்மா, அந்த அம்மாவுக்கு யாரோ, ரிட்லிக்கு அவருடைய ஆசிரியர்கள். எல்லாருக்கும் உள்ளே நின்று அறிவிக்கும் ஒருவர் உண்டு என்கிறது சித்தாந்தம். அவரைத்தான் நாம் சிவம் என்று கும்பிடுகிறோம். புலனாலும் நூலாலும் உலகத்தை அறிவது பாச ஞானம். 'நான் அறிகிறேன்' என்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது பசு ஞானம். அறிவிப்பவனை அறிவது பதி ஞானம். பாச ஞானத்தோடு நின்றுவிடாதே, மேலே வா என்றுதான் நம் ஆசாரியர்கள் சொன்னார்கள்.

படிப்பா, பக்தியா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்பவர்களுக்கு நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரைச் சொல்கிறேன். பத்தமடையில் பிறந்த மருத்துவர் குப்புசாமி 1913இல் மலாயாவுக்கு வந்தார். நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனையில் நம் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். உடம்பைக் குணப்படுத்தினாலும் துன்பம் தீரவில்லையே என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1923இல் நாடு திரும்பி, அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர். துறவியான பிறகு மருத்துவத்தைத் தூக்கி எறிந்தாரா? இல்லை. அங்கேயும் இலவச மருந்தகம் நடத்தினார். அறிவு அதேதான். யாருக்காக, எதற்காக என்பது தெளிவாகிவிட்டது.

நாம் செய்யக்கூடியது

பெரிய சாதனை எதுவும் வேண்டாம். மூன்று பழக்கம் போதும். ஒரு செய்தியை அனுப்புவதற்கு முன்னால் காட்சி, கருதல், உரை என்று மூன்று விரலை மடக்குங்கள். ஒரு விரலும் மடங்காவிட்டால் அந்தச் செய்தி உங்களோடு நிற்கட்டும். செயற்கை நுண்ணறிவு தரும் பதிலுக்கும் இதே அளவைதான். அது அழகாகச் சொல்கிறது என்பதற்காக அது நம்பத்தக்கவர் ஆகிவிடாது.

அடுத்து, 'தெரியாது' என்று சொல்லப் பழகுங்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் நாக்குக் கூசும், பிறகு பழகிவிடும்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் அவர் செய்த வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்வதை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். எத்தனையோ தோட்டங்கள் போய்விட்டன. அவர்கள் கையில் இருக்கும் அறிவாவது நம் காதுக்கு வரட்டும்.

மறு ஞாயிறு நான் அந்த வகுப்புக்கு மறுபடியும் போனேன். ஆசிரியரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "போன வாரம் அண்ணா சொன்னது தப்பு. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்று சொல்லி, செயற்கைக்கோள் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டினேன். அந்தப் பையன் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ சனீஸ்வரர் பொய்யா அண்ணா?"

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. பொய்யான ஒன்றை அவன் நம்பிக்கைக்கு முட்டாகக் கொடுத்தது நான். அதை எடுக்கும்போது நம்பிக்கையும் ஆடத்தானே செய்யும்?

"இல்லை தம்பி. சாமிக்கு நாசா சான்றிதழ் வேண்டாம்" என்றேன். பிறகு சனைச்சரன் என்ற வடமொழிப் பெயரை எழுதினேன். மெதுவாகச் செல்பவன் என்று பொருள். சனிக் கிரகம் சூரியனை ஒரு முறை சுற்றி வர ஏறக்குறைய 29.5 ஆண்டு ஆகிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியும் கோள்களில் அதுதான் மிக மெதுவானது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் நம் முன்னோர்கள் வருஷக்கணக்காக வானத்தைப் பார்த்து அதைக் கண்டார்கள். "12 ராசியைக் கடக்க ஏறக்குறைய 30 வருஷம்னா, ஒரு ராசிக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். ஒரு சின்னப் பெண் விரலை விட்டு எண்ணி, "ரெண்டரை" என்றாள். "மூணு ராசிக்கு?" அந்தப் பையனே எழுந்து, "ஏழரை! ஏழரைச் சனி!" என்று கத்தினான்.

இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

நம் கண்ணுக்கு வெளிச்சமாக வந்த எல்லாருக்கும், அவர்களுக்குள் நின்று அறிவித்த இறைவனுக்கும் நன்றி சொல்வோம். நாளை நம்மிடம் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், உண்மையை மறைக்காத வெளிச்சமாக நாம் இருக்க அவனருளே துணை நிற்கட்டும்.

திருச்சிற்றம்பலம்.